பள்ளத்தூர் வீட்டு டாக்: நெட்வொர்க் உள்ளேயா, யுஎஸ்பி போதுமா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "தம்பி, சிங்கப்பூர்ல இருந்து மகன் பேசினான். யுஎஸ்பியே வேண்டாங்கிறான். நெட்வொர்க் உள்ளேயே இருக்கிற டாக் வாங்கி அனுப்பவான்னு கேக்குறான். நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு உறவில்லை. காரைக்குடியில் நான் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் மேசைக்குப் பத்து வருடமாக வந்துபோகிற பழக்கம். பாட்டு கேட்பதில் என்னைவிடப் பொறுமை அதிகம். மின்சாரத்தில் பொறுமை கிடையாது. போனேன். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்து மாதம் இழுத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. டாக் என்பது எண்களாகக் கிடக்கும் பாட்டை மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி. யுஎஸ்பி வழி என்றால் பக்கத்தில் ஒரு கணினியோ போனோ இருந்து எண்களைத் தள்ள வேண்டும். நெட்வொர்க் உள்ளேயே இருந்தால் பெட்டி தானே ரவுட்டரோடு பேசிப் பாட்டை இழுத்துக்கொள்ளும். கையில் ரிமோட் மாதிரி போன் இருந்தால் போதும்.

வீடு

வீட்டைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு நீளும் வீடு. ஃபைபர் வந்து இறங்குவது முகப்பில். ரவுட்டர் பழைய கணக்குப்பிள்ளை மேசைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அண்ணனின் பாட்டு அறை வளவின், அதாவது உள்முற்றத்துப் பகுதியின், கடைசியில்; புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கு) ஓர் அறை என்று அந்தக் காலத்தில் பிரித்ததில் அவருக்கு வந்தது. ரவுட்டரிலிருந்து அறைக்கு நேர்கோட்டில் பதினெட்டு மீட்டர் இருக்கும். நடுவே மூன்று சுவர், ஒவ்வொன்றும் இரண்டடி கனத்துக்குக் குறையாது. மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. சித்திரையிலும் கை வைத்தால் சில்லென்று இருக்கும்.

அந்தப் பூச்சில் ஒரு துளை போட்டால் அதே வழவழப்பில் அடைக்க ஆள் தேடி அலைய வேண்டும். அதைவிடப் பெரிய தடை, வீடு ஐந்து புள்ளிகளுக்குப் பொது. ஒருவர் மும்பையில், ஒருவர் கோலாலம்பூரில். ஆணி அடிப்பதென்றாலும் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ஹை-ஃபை புத்தகங்களில் இந்த அத்தியாயம் வராது.

அறைக்குள் தரையில் நிற்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு ஆம்ப்ளிஃபயர், 2016-ல் வாங்கிய டாக். லேப்டாப்பின் விசிறிச் சத்தம் பிடிக்காமல் அதை அறைக்கு வெளியே பட்டாலை என்கிற கூடத்தில் வைத்து, நிலைப்படிக்கு மேலே யுஎஸ்பி வயரை இழுத்து உள்ளே கொண்டு போயிருந்தார். ஏறக்குறைய எழுநூறு சிடிக்களைத் தானே உட்கார்ந்து, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக மாற்றி வைத்திருக்கிறார். பெரும்பாலும் கச்சேரிகள், நாகஸ்வரம், வீணை. அதோடு வீட்டில் கிடந்த 78 சுற்று இசைத்தட்டுகளிலிருந்து பதிவு செய்தவை ஒரு நூறு.

இந்தப் பக்கத்து வீடுகளில் இசைத்தட்டு கிடப்பதில் அதிசயம் இல்லை. ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்கப் போவதற்கு முன்னால் அவர் குடும்பக் கடை காரைக்குடியில் கிராமபோன் தட்டுகள் விற்றது. ஸ்டுடியோவும் கோடம்பாக்கம் போவதற்கு முன் 1940களில் காரைக்குடியில்தான் நடந்தது. இன்றைக்கும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் குழாய் வைத்த கிராமபோன்கள் பித்தளைப் பளபளப்போடு நிற்கின்றன. அவற்றில் பழையது எது, பழையதுபோல் செய்தது எது என்பது தனி ஆய்வு.

புகார்கள்

அண்ணன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார், வங்கிக்காரர் இல்லையா. முதலாவது, பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஒரு முனகல். இரண்டாவது, பாட்டின் நடுவே எப்போதாவது 'டிக்' என்று ஒரு சத்தம், முக்கியமாக மாலையில். மூன்றாவது, வலது பக்கம் சில நாள் திடீரென்று ஊமையாகிவிடுகிறது. பெட்டியைத் தட்டினால் திரும்புகிறது. நான்காவது, "முன்ன மாதிரி இல்ல தம்பி, ஒரு வறட்சி." நான்கையும் மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் நான்குக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுதிவிட்டான்: யுஎஸ்பி.

மூன்றாவது மட்டும் உண்மையிலேயே டாக் பெட்டியின் நோவு. திறந்து பார்த்தேன். வெளியீட்டு ரிலேயின் (மின்சாரம் இயக்கும் சுவிட்ச்) தொடுமுனை தேய்ந்திருந்தது. ரிலே மாற்றலாம். ஆனால் பக்கத்தில் மின்தேக்கிகளும் வெயிலில் வெந்து தலை உப்பி இருந்தன. புதுப் பெட்டி வாங்குவது நியாயம்தான் என்று சொல்லிவிட்டேன். அதனால் கேள்வி உயிரோடு இருந்தது: எந்தப் புதுப் பெட்டி? ஒரே கம்பெனியில் இரண்டு மாடல் அவர்கள் பார்த்து வைத்திருந்தார்கள். உள்ளே மாற்றும் சிப்பும் வெளியீட்டுப் பகுதியும் இரண்டிலும் ஒன்றே. யுஎஸ்பி, அதோடு எண்கள் உள்ளே வர ஆப்டிகல், கோஆக்சியல் என்ற வேறு இரண்டு வழி, இவை மட்டும் உள்ளது 46,000 ரூபாய். அதோடு ஈதர்நெட்டும் வைஃபையும் ஒரு சின்னத் திரையும் சேர்ந்தது 88,000.

மற்ற மூன்று புகார்களைத் தீர்க்காமல் இதில் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முனகலும் டிக்கும்

முனகலில்தான் ஒரு முழுப் பிற்பகல் போயிற்று. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன், முனகல் நின்றது. மாட்டினேன்; திரும்பியது. யுஎஸ்பி வயரை மட்டும் பிடுங்கினாலும் நின்றது. இது எர்த் வளையம். யுஎஸ்பி வயருக்குள் தகவல் கம்பி இரண்டோடு ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் போகின்றன. லேப்டாப்பின் கிரவுண்டு அந்த வழியாக டாக்குக்கும், அங்கிருந்து ஆர்சிஏ என்கிற ஒலி வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் போய்ச் சேர்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று முள் பிளக்கில் தனி எர்த். லேப்டாப் சார்ஜருக்கும் மூன்று முள். இரண்டு எர்த்தும் ஒரே இடத்தில் முடிந்தால் பாதகமில்லை. இங்கே முடியவில்லை.

ஏன் என்று தேடியதில் வயரிங் ஆள் ஒருவர் சொன்னார். அறைக்கு ஏசி போட்டபோது கொல்லைப் பக்கம் புது எர்த் குழி தோண்டி அங்கிருந்து இழுத்திருக்கிறார்கள். பட்டாலைப் பிளக்குகளோ முகப்புப் பக்கத்துப் பழைய குழியில் இருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு குழி, நடுவே நூற்றைம்பது அடி காய்ந்த செம்மண். முகப்புக் குழியில் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது யார் என்று யாருக்கும் நினைவில்லை. இரண்டுக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வைத்தால் மாற்று மின்னழுத்தம் சில வோல்ட் காட்டியது. அந்த வித்தியாசம் ஓட வழி தேடி, கிடைத்த யுஎஸ்பி வயரில் ஓடி, ஐம்பது ஹெர்ட்ஸ் முனகலாக ஸ்பீக்கரில் வெளிவந்தது.

பலர் இந்த இடத்தில் சார்ஜரின் எர்த் முள்ளை உடைத்துவிடுவார்கள், அல்லது மூன்று முள்ளை இரண்டாக்கும் அடாப்டர் போடுவார்கள். முனகல் போய்விடும். ஒரு நாள் சார்ஜரில் கோளாறு வந்தால் மின்சாரம் போக இடமில்லாமல் ஆளைத் தேடும். செய்யாதீர்கள். அறைக்குள் இருக்கும் போர்டிலிருந்தே ஓர் எக்ஸ்டென்ஷன் எடுத்து லேப்டாப்புக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே எர்த்துக்கு வந்தன. ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் சத்தமில்லை.

டிக் சத்தம் எளிது. யுஎஸ்பி 2.0 வயருக்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. அண்ணன் ஐந்து மீட்டர் வயரோடு மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்திருந்தார். யுஎஸ்பியில் பாட்டு போகும் முறையில் ஒரு விசேஷம் உண்டு: எண்களைக் கட்டி அனுப்பும் பொட்டலம் ஒன்று கெட்டுப்போனால் 'இன்னொரு தடவை அனுப்பு' என்று கேட்க வழியில்லை. போனது போனதுதான். அந்த இடத்தில் காதுக்கு 'டிக்'. பிரிண்டருக்கும் பென்டிரைவுக்கும் திரும்ப அனுப்பும் ஏற்பாடு உண்டு, அதனால் அதே வயரில் அவை ஒழுங்காக வேலை செய்யும். "வயர் நல்லாத்தான் இருக்கு, பென்டிரைவ் ஓடுதே" என்று அண்ணன் வாதாடியது இதனால்தான். மாலையில் மட்டும் ஏன் என்றால், விளக்குகள், மோட்டார், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம் அது. எல்லையில் தொங்கிக்கொண்டிருந்த வயருக்கு அந்த இரைச்சலே போதும். இரண்டு மீட்டர் வயர் போட்டு லேப்டாப்பை அறைக்குள் கொண்டு வந்து ஒரு வாரம் கேட்கச் சொன்னேன். டிக் இல்லை. விசிறிச் சத்தம் இருந்தது.

நெட்வொர்க் வழி இந்த இரண்டிலும் இயல்பாகவே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈதர்நெட் நூறு மீட்டர் வரை போகும். இரண்டு முனையிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கிரவுண்டு தொடர்பே இல்லை. உலோகக் கூடு வைத்த பிளக்கும் ஷீல்டு வயரும் போட்டால் அந்த நன்மையை நாமே கெடுத்துக்கொள்கிறோம். சாதாரண பிளாஸ்டிக் பிளக் போதும். பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்கும். அதற்குள் பாட்டு நிற்காமலிருக்க முன்கூட்டியே சில நொடிகள் சேமித்து வைத்திருக்கும். மகன் சொன்னது முழுத் தவறில்லை. காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்தான்.

வறட்சி

பழைய டாக்கின் முகப்பில் சிவப்பு எழுத்துகள் உண்டு. நொடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி மாதிரிகள் (சாம்பிள்) வருகின்றன என்று அவை காட்டும். சிடியிலிருந்து எடுத்த கோப்பு ஓடும்போது 44.1 என்று காட்ட வேண்டும். 48 என்று காட்டியது. விண்டோஸின் கலவைப் பகுதி (மிக்ஸர்) எல்லாச் சத்தத்தையும் தனக்குச் சொல்லியிருக்கும் ஒரே எண்ணிக்கைக்கு மாற்றிவிடும். அதில் 48 என்று இருந்தது. பிளேயரில், அந்தக் கலவையைத் தாண்டிப் போகும் வாசாபி எக்ஸ்குளூசிவ் என்பதைத் தேர்ந்தெடுத்ததும் 44.1 வந்தது. பழைய பதிப்பு ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே கதை நடக்கும். 14-ஆம் பதிப்பிலிருந்துதான் கலவையைத் தாண்டிப் போக வழி கொடுத்தார்கள். மேக்கில் ஆப்பிள் மியூசிக் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையைக் கையால் மாற்ற வேண்டும்; ஐபோன் தானே மாற்றிக்கொள்ளும்.

எண் மாறியதும் அண்ணன், "இப்ப ஈரமா இருக்கு" என்றார். மாற்றத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் ஈரமாகத்தான் இருக்கும். அந்த வறட்சிக்கு என் சந்தேகம் வேறு இடத்தில். ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. கைதட்டினால் தட்டல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறது. முன்பு அந்த அறையில் மெத்தைகளும் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. பேத்தி கல்யாணத்துக்காக எல்லாவற்றையும் காலி செய்து சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். "எப்ப இருந்து வறட்சி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம்தான்" என்றார். ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டு பவானி ஜமக்காளம், பின்சுவரில் ஒரு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தோம். அண்ணன் வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏன்ப்பா, மெத்தைக்குப் பாட்டு கேக்கணுமா?" என்றார். தவிலின் தொப்பி அடி அன்றைக்குத்தான் அடியாகக் கேட்டது.

இரவல் பெட்டி, பத்து நாள்

திருச்சியில் ஒரு விற்பனையாளர் நெட்வொர்க் மாடலைப் பத்து நாளைக்கு இரவல் கொடுத்தார். இதில் எனக்கொரு வசதி: அதில் யுஎஸ்பியும் உண்டு, நெட்வொர்க்கும் உண்டு. சிப், கடிகாரம், வெளியீடு எல்லாம் ஒன்றே. எண்கள் வந்து சேரும் வழி மட்டும் வேறு. இதைவிட நேர்மையான சோதனை கிடைக்காது.

முதலில் வைஃபை. கதவைத் திறந்து வைத்தால் பாடியது. கதவு சாத்தினால், பர்மாத் தேக்குக் கதவு அது, ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை செத்துவிட்டது. 2.4-ல் சிடி அளவுக் கோப்புகள் ஓடின. அவற்றுக்கு நொடிக்கு ஒன்றரை மெகாபிட்கூட வேண்டாம். 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு போட்டதும் பல்லவி நடுவில் மூச்சு வாங்கியது. நடுவில் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வைக்கலாம், வளவில் வைத்துப் பார்த்தோம், பரவாயில்லை, ஆனால் கரண்ட் போய் வந்தால் மூன்று பெட்டியும் ஒன்றையொன்று தேடிக் கைகோக்கச் சில நிமிடம் ஆகிறது. அதற்குள் ஆச்சிக்குக் காலைக் கவசம் முடிந்துவிடும் நேரம்.

கடைசியில் வயர்தான். சுவரில் துளை போடாமல் எப்படி என்று நடந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உத்தரத்தை ஒட்டிச் சுவரில் ஒரு பழைய ஓட்டை கண்ணில் பட்டது. கறுப்புத் தொலைபேசி இருந்த காலத்தில் முகப்பிலிருந்து வளவுக்கு இணைப்பு இழுத்த வழி. காய்ந்த வயர் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் புது ஈதர்நெட் வயரைக் கட்டி மறுபக்கம் இழுத்தோம்; நூறு வருடத் தூசியோடு வெளியே வந்தது. அப்படியே மூன்று சுவரும் தாண்டியாயிற்று. மொத்தம் முப்பது மீட்டர். பங்காளிகளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டை அவர்கள் ஐயா காலத்தது.

வயர் வந்ததும் நெட்வொர்க் வழி ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. ஆனால் வேறு இரண்டு கரைச்சல் வந்தன.

ஒன்று, இடைவெளி. கச்சேரிப் பதிவில் ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று தடம் தடமாக வெட்டியிருப்பார்கள், சத்தமோ தொடர்ச்சி. இந்தப் பெட்டியில் நெட்வொர்க்கிலிருந்து பாட்டை வாங்கும் யுபிஎன்பி பகுதி அடுத்த தடத்தை முன்கூட்டியே தயார் செய்யும் வசதியைச் சரியாகச் செய்திருக்கவில்லை. மிருதங்கம் கோர்வையோடு தனியை முடித்து, பாட்டு பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு நொடி மௌனம். தாளம் போட்டுக்கொண்டிருந்த அண்ணனின் கை காற்றில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் 88,000 பாதி போய்விட்டது என்று தெரிந்தது. சினிமாப் பாட்டு கேட்பவருக்கு இது ஒரு குறையே அல்ல.

இன்னொன்று, அந்தச் சின்னத் திரை. அண்ணன் எல்லாக் கோப்புக்கும் தமிழில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். திரையில் கட்டம் கட்டமாக வந்தது. சில பழைய கோப்புகளில் யூனிகோடுக்கு முந்திய திஸ்கி எழுத்தில் பெயர் இருந்தது வேறு விஷயம், அது எங்கேயும் கிறுக்கலாகத்தான் வரும். யூனிகோடில் ஒழுங்காக எழுதியதும் கட்டமாக வந்தால் அது பெட்டியில் தமிழ் எழுத்துரு வைக்காததால்.

காதுச் சோதனை

வழி மாறினால் சத்தம் மாறுமா? இதற்கு ஒரு மாலையை ஒதுக்கினோம். அடுத்த புள்ளியின் பெண், கல்லூரியில் படிப்பவள், கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் யுஎஸ்பி, தலை விழுந்தால் நெட்வொர்க் என்று மாற்ற வேண்டும். நாங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து தாளில் எழுத வேண்டும். ஒரே கோப்பு, ஒரே ஒலி அளவு.

முதல் நான்கு சுற்றில் அண்ணன் நான்கையும் சரியாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் கவனித்தேன்: யுஎஸ்பிக்கு மாறும்போது பெட்டிக்குள் ரிலே 'டக்' என்கிறது, நெட்வொர்க்குக்கு இல்லை. அதோடு நெட்வொர்க் வழியில் பாட்டு ஒரு நொடி தாமதித்துத் தொடங்குகிறது. அவர் காது ஏமாற்றவில்லை, வேறு எதையோ கேட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் முதலில் ஆப்டிகலுக்குப் போய்விட்டு வரவேண்டும், பத்து எண்ணிவிட்டுத்தான் ஒலியை ஏற்ற வேண்டும் என்று விதி வைத்தோம். புதிதாக இருபது சுற்று. அண்ணனுக்கு ஒன்பது சரி, எனக்குப் பதினொன்று. நாணயத்துக்கும் எங்களுக்கும் வித்தியாசமில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்றைய யுஎஸ்பி டாக்குகள் அசிங்க்ரோனஸ் முறையில் வேலை செய்பவை. தாளம் போடுவது டாக்குக்குள் இருக்கும் கடிகாரம். கணினி அதன் தாளத்துக்கு எண்களைக் கொடுக்கிறது, வேகம் கூடினால் குறைந்தால் டாக் திருப்பிச் சொல்கிறது. நெட்வொர்க் வழியிலும் எண்கள் சேமிப்பில் காத்திருந்து அதே கடிகாரத்தின் தாளத்துக்குத்தான் வெளியே போகின்றன. கணினியின் தாளத்தை டாக் துரத்திக்கொண்டு ஓடிய அடாப்டிவ் காலத்தில் யுஎஸ்பிக்கு வந்த கெட்ட பெயர், காலம் போன பின்பும் பெயராகவே நிற்கிறது.

அன்றிரவு கடைசியாக ஒரு பழைய வீணைத் தட்டின் பதிவைப் போட்டார் அண்ணன். காரைக்குடி என்றால் வீணைக்குச் சகோதரர்கள் ஞாபகம் வராமல் போகாது. மூத்தவர் சுப்பராமையர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர், இளையவர் சாம்பசிவ ஐயர் பிற்காலத்தில் கலாக்ஷேத்திராவில் சொல்லிக்கொடுத்தார். தட்டின் கரகரப்புக்கு நடுவே ஒரு கமகம் எழுந்து அடங்கியது. எந்த வழியில் வந்தது என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

வயசு

சத்தம் சமம் என்றால் மற்றதை வைத்துத்தான் முடிவு. எனக்கு முக்கியமாகப் பட்டது வயசு. மாற்றும் சிப்பும் வெளியீட்டுப் பகுதியும் ஒழுங்காகச் செய்தால் பதினைந்து வருடம் கேட்காமல் ஓடும். யுஎஸ்பி ஆடியோ இரண்டாம் வகுப்பு என்பது பொது நியமம். மேக், லினக்ஸ் இரண்டுக்கும் தனி டிரைவர் வேண்டாம், விண்டோஸும் 2017 முதல் தானே புரிந்துகொள்கிறது. நெட்வொர்க் பகுதியோ ஒரு குட்டிக் கணினி. அதற்குச் செயலி வேண்டும், சேவைகளின் அனுமதி வேண்டும், சான்றிதழ் வேண்டும், கம்பெனிக்கு அக்கறையும் வேண்டும்.

இது வெறும் பயமில்லை. லாஜிடெக் 2012-ல் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பாட்டுப் பெட்டிகளை நிறுத்தியது; அவற்றுக்கான இணையச் சேவையும் 2024-ல் மூடப்பட்டது. ஐபோனில் 2017-ல் 32 பிட் செயலிகள் ஓடாமல் போனபோது, புதுப்பிக்கப்படாத ரிமோட் செயலிகள் பெட்டிகளை ஊமையாக்கின. எம்கியூஏ என்ற ஒலிச் சுருக்க முறையின் முத்திரை உண்டு என்று விலை கூட்டி விற்றார்கள். 2024-ல் டைடல் என்ற பாட்டுச் சேவை அதைக் கைவிட்டு ஃபிளாக்குக்குப் போய்விட்டது. நாங்கள் இந்த வேலையில் இருந்த அதே 2025 மார்ச்சில் டிவியிலும் ஸ்பீக்கரிலும் செருகும் கூகுளின் குட்டிப் பெட்டிகளான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க ஒரே நாளில் நின்றன. சில நாளில் சரி செய்தார்கள்; செய்யாமலும் விட்டிருக்கலாம்.

இந்தியாவுக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. அந்தப் பெட்டியின் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த டைடல், கோபஸ் என்ற பாட்டுச் சேவைகள் இரண்டுமே இங்கே முறைப்படி கிடைப்பதில்லை. மகன் வைத்திருப்பது ஆப்பிள் மியூசிக். அதை அந்தப் பெட்டிக்கு ஆப்பிளின் ஏர்பிளே என்ற நெட்வொர்க் வழியாகத்தான் அனுப்ப முடியும். 192 போன்ற உயர் எண்ணிக்கைகள் அதில் வராது. யுஎஸ்பியில் போனை நேரே செருகினால் வரும். நெட்வொர்க்குக்குக் கூடுதலாக 42,000 கொடுத்துவிட்டு, நல்ல கோப்புக்கு யுஎஸ்பி வயரைத் தேடுவதா?

முடிவு: யுஎஸ்பி டாக், 46,000. அதற்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி, விசிறி இல்லாத அலுமினியக் கூடு, பாட்டுக்கு ஒரு டெராபைட் எஸ்எஸ்டி. தொலைபேசி ஓட்டை வழியாக வந்த ஈதர்நெட் அதில் செருகியது. அதிலிருந்து அரை மீட்டர் யுஎஸ்பி டாக்குக்கு. பைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே போர்டு. வயர், கூடு, அடாப்டர் உட்படப் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. நெட்வொர்க் வேண்டும், ஆனால் டாக்குக்கு வெளியே இருக்கட்டும் என்பது என் கட்சி. பை செத்தால் ஆறாயிரம். டாக் பாட்டுக்கு இருக்கும்.

இதையே எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். காரைக்குடியில் ஒரு டாக்டர் தம்பதி, புது அடுக்ககம், மெல்லிய சுவர், வாரத்துக்கு மூன்று மணி நேரம் பாட்டு, கோப்பு ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு நெட்வொர்க் உள்ள பெட்டியைத்தான் வாங்கச் சொன்னேன். ஒரு வயர், ஒரு போன். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

பள்ளத்தூரிலிருந்து கூப்பிட்டார்கள். ஆடிக் காற்றில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கரண்ட் போய் வந்தது. பை எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதில் அதன் மெமரி கார்டு கெட்டுவிட்டது. இது என் தப்பு. இன்வெர்ட்டர் ஊரிலேயே இருந்துகொண்டு, ஒழுங்காக அணைக்கும் பழக்கத்தை நம்பி ஒரு மென்பொருளைப் போட்டிருக்கக் கூடாது. நெட்வொர்க்கை உள்ளேயே கட்டிய பெட்டிக்கு இந்த நோவு வந்திருக்காது. அவற்றை அப்படியே பிடுங்குவார்கள் என்று தெரிந்துதான் செய்கிறார்கள்.

பைகோர்பிளேயர் என்ற வேறு மென்பொருளுக்கு மாற்றினேன். அது தொடங்கும்போதே முழுவதும் ராமுக்கு ஏறிவிடும். நடுவில் கரண்ட் போனாலும் கார்டில் கெட ஒன்றுமில்லை. பாட்டை எடுத்துக் கொடுப்பது லிரியான் மியூசிக் சர்வர். 2012-ல் கைவிடப்பட்ட அந்த ஸ்க்வீஸ்பாக்ஸின் மென்பொருள்தான், திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் கையில் பெயர் மாறி உயிரோடு இருக்கிறது. தடங்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. போனில் பார்த்தால் பெயர்கள் தமிழிலேயே வருகின்றன. அலாரம் வசதி இருப்பதால் காலை ஐந்தரைக்குக் கவசம் தானே தொடங்குகிறது. ஆச்சி செய்ய வேண்டியது ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போடுவது மட்டும். அவருடைய ஒரே நிபந்தனை அதுதான்: "ரேடியோ மாதிரி சுவிட்சப் போட்டாப் பாடணும். போனைத் தேச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது."

ஆவணியில் மகன் வந்திருந்தான். போனை யுஎஸ்பியில் செருகி அவன் பாட்டைக் கேட்டான். புது டாக்கிலும் சிவப்பு எழுத்துகள் 96, 192 என்று மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பச்சி, அந்த மெத்தைய மட்டும் வேற துணி போட்டு மூடுங்க" என்றான்.

மிச்சம் இருப்பது முகப்புப் பக்கத்து எர்த் குழி. பாட்டுக்கு இப்போது அது தேவையில்லை; வீட்டுக்குத் தேவை. புதிதாகத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கொல்லைக் குழியோடு இணைக்க வேண்டும். வாசலில் தோண்டுவதென்றால் ஐந்து புள்ளியும் சம்மதிக்க வேண்டும். படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடும் நாளுக்கு) எல்லோரும் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்திருக்கிறோம்.